பச்சைத்தண்ணி வெங்காயம்

— மனிதகுலத்தின் மனசாட்சி எங்கே குடியிருக்கிறது? நீதிமன்றத்திலா? நாடாளுமன்றத்திலா? இல்லை. அது ஒரு வெங்காயத்தின் வேர் நுனியில் குடியிருக்கிறது.

— மாமா, அந்த வெங்காயத்தைப் பத்திதான் பேச வந்தேன்.

— இரும்மா. இந்த இடத்துல கைதட்டுவாங்க. அதுக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கேன். ம். இப்ப சொல்லு.

— வேர் சரியில்ல.

— எந்த வேர்?

— மனசாட்சி குடியிருக்கற வேர்.

— கிண்டல் வேண்டாம் டாக்டரம்மா. சாயங்காலம் எனக்கு விருது. 'நச்சில்லா மண்ணின் காவலர்'. நீ என் மருமக மட்டும் இல்ல, என் ஆய்வகத்தோட தலைமை விஞ்ஞானி. முதல் வரிசையில உட்கார்ந்து பூரிச்சுப்போய்ப் பார்க்கணும். அதை விட்டுட்டு வேர் சரியில்ல, தழை சரியில்லன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்து நிக்கிற.

— தலைமை விஞ்ஞானியும் நான்தான், கண்ணாடிக்குழாய் கழுவறதும் நான்தான். அதனாலதான் நானே வந்து நிக்கிறேன்.

— சரி, வேர் சரியில்லன்னா அது கம்பெனிக்காரன் தலைவலி. அவன் பூச்சிமருந்தைத்தானே ஊத்தினோம்? கெட்டதுன்னா கெட்டதுன்னு எழுதிடு. பயப்படாத. நான் இருக்கேன்.

— அவன் மருந்து ஊத்தின வெங்காயம் மட்டும் கெட்டிருந்தா எழுதிட்டுக் காலை நீட்டிப் படுத்திருப்பேன் மாமா. பச்சைத்தண்ணியில வச்ச வெங்காயமும் கெட்டிருக்கு.

— புரியற மாதிரி சொல்லும்மா. நான் ரிடையராகி நாளாச்சு.

— மூணு வரிசை வச்சோம். முதல் வரிசை வெறும் தண்ணி. ரெண்டாவது, கம்பெனி மருந்து கலந்த தண்ணி. மூணாவது, கெடுதல்னு உலகத்துக்கே தெரிஞ்ச ஒரு மருந்து. ஒவ்வொரு குழாய் வாயிலயும் ஒரு வெங்காயம் உட்கார்ந்திருக்கு, அடி மட்டும் தண்ணியைத் தொட்டுக்கிட்டு. வேர் விட்டதும் நுனியை வெட்டி, சாயம் போட்டு, கண்ணாடியில நசுக்கி, மைக்ராஸ்கோப்புல பார்க்கறோம். செல் ரெண்டாப் பிரியறப்போ உள்ள இருக்கற குரோமோசோம் ஒழுங்கா ரெண்டு பக்கமும் போகுதா, இல்ல அறுந்து தொங்குதான்னு. வெறும் தண்ணி வெங்காயத்துல ஒழுங்காப் போகணும். அதை அளவுகோலா வச்சுத்தான் மத்த ரெண்டையும் பேசவே முடியும்.

— இதெல்லாம் நான் உனக்குச் சொல்லிக்குடுத்தது.

— ஆமா மாமா. இப்ப மூணு வரிசையுமே அறுந்து தொங்குது. அளவுகோலே கோணல்.

— மூணுமேவா?

— மூணுமே. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்ப வச்சுப் பார்த்தேன். வெங்காயக் கடையை மாத்திப் பார்த்தேன். குழாயை எல்லாம் ஆசிட் போட்டுக் கழுவிப் பார்த்தேன். முதுகு விட்டுப்போனதுதான் மிச்சம்.

— அப்போ வெறும் தண்ணிக்கும் கம்பெனி மருந்துக்கும் வித்தியாசம் இல்ல.

— இல்ல. ஆனா அது...

— இரு இரு. வித்தியாசம் இல்ல. இல்லையா?

— இல்லதான்.

— அப்ப ரிப்போர்ட் முடிஞ்சுதேம்மா. எழுதிக்கோ. 'இம்மருந்தின் விளைவு, தூய நீரின் விளைவிலிருந்து எவ்வகையிலும் வேறுபடவில்லை.' ஒரே வாக்கியம். அதுல ஒரு எழுத்து பொய்யா, சொல்லு?

— காய்ச்சக்காரன் பக்கத்துல இன்னொரு காய்ச்சக்காரனை நிக்கவச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே சூடு, அதனால ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு.

— உவமை நல்லா இருக்கு. ரிப்போர்ட்டுல உவமை வராது.

— மாமா, சாயங்காலம் நச்சில்லா மண்ணுக்குக் காவலர்னு விருது வாங்கப்போறீங்க. மத்தியானம் நச்சுமருந்தும் தண்ணியும் ஒண்ணுன்னு எழுதச் சொல்றீங்க.

— காவலர்னா கண்ணுல படறவனை எல்லாம் பிடிச்சு உள்ள போடறவர்னு அர்த்தம் இல்லம்மா. சிலரை விசாரிச்சுட்டு விடணும். அப்பத்தான் பிடிச்சதுக்கு ஒரு மதிப்பு.

— விசாரிக்கவே இல்லையே.

— மூணு வரிசை வச்சு விசாரிச்சோமே.

— கையெழுத்து நான் போடணும். உங்களுது செல்லாது, நீங்க ரிடையர். நான் போடமாட்டேன். உங்ககிட்ட மல்லுக்கு நிக்க எனக்குத் தெம்பு இல்ல, அதனால ஒரே தடவை சொல்லிட்டேன்.

— டீ கொண்டுவந்திருக்கேன். ரெண்டு பேரும் முதல்ல இதைக் குடிங்க. அப்புறம் வெங்காயத்தை உரிங்க. நீ உட்காரும்மா. காலைப் பாரு, பன்னு மாதிரி வீங்கியிருக்கு.

— இருக்கட்டும் அத்தை.

— என்ன இருக்கட்டும்? முழுகாம இருக்கற பொண்ணு நின்னுக்கிட்டேதான் பேசணும்னு எந்த சயின்ஸ்ல எழுதியிருக்கு? ஏங்க, அந்த நாற்காலியில இருக்கற பேப்பரை எடுங்க.

— அது பேப்பர் இல்ல இவளே. உரை.

— உரையை மடியில வச்சுக்குங்க. அவ உட்காரட்டும்.

— அத்தை, இது எந்தத் தண்ணியில போட்டது?

— நீ சொன்னதுலேர்ந்து உனக்குத் தனிப் பாத்திரம்தான். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவச்சு, மறுபடியும் காய்ச்சி. அடுப்புக்கே அலுத்துப்போயிருக்கும்.

— காய்ச்சினா கிருமி சாகும். மருந்துன்னா காய்ச்சினாலும் அங்கயேதான் இருக்கும்.

— இதை ஏன்டி முன்னாடியே சொல்லல? ஒரு வாரமா ரெண்டு தடவை காய்ச்சிக்கிட்டிருக்கேன்.

— நீங்க மனசு வச்சுப் பண்ணினீங்க. சொல்ல மனசு வரல.

— இருங்க இருங்க. என்ன தனிப் பாத்திரம்? என்ன தண்ணி? எனக்குத் தெரியாம இந்த வீட்டுல என்ன நடக்குது?

— உங்களுக்குத் தெரிஞ்சு நடக்கறதெல்லாம் மேடையில மட்டும்தாங்க. பொண்ணு பயந்துபோயிருக்கா. தண்ணியில வச்ச வெங்காயம் கெட்டுப்போகுதாம். அதே தண்ணியைத்தான் அவ குடிக்கிறா. வயித்துல இருக்கறதும் அதைத்தான் குடிக்குது. சோறு இறங்கல அவளுக்கு.

— அத்தை, விடுங்க.

— எதுக்கு விடணும்? எனக்கு ஒண்ணு சொல்லு. வெங்காயத்துக்கு ஆகறது மனுஷனுக்கும் ஆகும்னு என்ன கட்டாயம்?

— கட்டாயம் இல்ல. ஆனா செல் ரெண்டாப் பிரியற விதம் வெங்காயத்துக்கும் நமக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனாலதான் மனுஷங்க மேல சோதிக்க முடியாததை வெங்காயத்துல பார்க்கறோம். வெங்காயத்துல தப்பாத் தெரிஞ்சா, 'நில்லு, இன்னும் நல்லாப் பாரு'ன்னு அர்த்தம். அவ்வளவுதான். எனக்கு இப்ப உள்ள ஒண்ணு நிமிஷத்துக்கு நிமிஷம் பிரிஞ்சு பிரிஞ்சு வளருது அத்தை. நான் காலையில போய் மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சா, பிரியத் தெரியாம இழுத்துக்கிட்டு நிக்கிறதா வரிசையாத் தெரியுது. எதைச் சாப்பிடுவேன், எதைக் குடிப்பேன், சொல்லுங்க.

— உம் புருஷன்கிட்ட சொன்னியா?

— சொன்னேன். வெளியூர்ல இருந்துக்கிட்டு என்ன பண்ணுவார்? 'அப்பாகிட்ட கேளு, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்'னார்.

— அவனும் வளர்ந்த மாதிரி தெரியல.

— தண்ணி.

— என்ன மாமா?

— தண்ணிம்மா. ஊர்த் தண்ணி. நாம வெங்காயத்தைச் சந்தேகப்பட்டோம், கண்ணாடிக்குழாயைச் சந்தேகப்பட்டோம். தண்ணியைச் சந்தேகப்படலையே. வயல்ல அடிக்கிற மருந்தெல்லாம் எங்க போகுது? மண்ணுக்குள்ள. மண்ணுலேர்ந்து? நிலத்தடி நீர். அங்கேர்ந்து? நம்ம சமையலறை. அடடா. நான் ஒரு சின்ன ரிப்போர்ட்டுக்குக் கையெழுத்துக் கேட்டு உன்னோட வாதாடிக்கிட்டிருந்தேன். காலடியில இவ்வளவு பெரிய உண்மை கிடக்குது.

— மாமா, தண்ணியைத்தான் நானும் பயந்தேன். ஆனா கேன் தண்ணி வாங்கி வச்சும் அதே கெடுதல்தான்.

— கேன்காரன் எங்க பிடிக்கிறான்னு நினைச்சே? அதே குழாயில. மூடியை மட்டும் புதுசாப் போடறான்.

— இருக்கலாம். அதனாலதான் வேற மாதிரி ஒண்ணு...

— 'நண்பர்களே, உங்கள் வீட்டுக் குழாய்களில் ஓடுவது நீர் அல்ல.' எப்படி இருக்கு? 'நீர் அல்ல' சொல்லிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிக்கணும். மனசாட்சியை ரெண்டாவது பக்கத்துக்குத் தள்ளிடலாம்.

— ஏங்க, கொஞ்ச நேரம் முன்னாடி அதே தண்ணியைத் தூய நீர்னு எழுதச் சொன்னீங்க. எனக்கு வராந்தா வரைக்கும் கேட்டுச்சு.

— விஞ்ஞானம்னா அப்படித்தான் இவளே. புதுச் சான்று வந்தா பழைய முடிவைத் தூக்கிப் போட்டுடணும். அதுக்கு ஒரு துணிச்சல் வேணும்.

— டீ ஆறிப்போகறதுக்குள்ள வர்ற துணிச்சல்.

— போனை எடு. அந்த நிருபர் தம்பி நம்பர் எங்க? இதோ. ஹலோ, தம்பியா? நான்தான். ஆமா, விருது வாங்கப்போற நான்தான். கேமராவோட வாங்க. ஒரு குண்டு போடப்போறேன். இல்ல தம்பி, பேச்சுல. ஊர்க் குடிதண்ணி சம்பந்தமா. ஆதாரமா? என் சொந்த ஆய்வகத்துல, என் நேரடி மேற்பார்வையில, எண்ணற்ற வெங்காயங்கள். வெங்காயம் தம்பி. வெங்காயம். ஆமா, நாம சாப்பிடற அதேதான். ஏன் சிரிக்கிறீங்க?

— மாமா, போனை வைங்க. இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கு.

— சாயங்காலம் பேசலாம் தம்பி. தலைமை விஞ்ஞானி கூப்பிடறாங்க. என்னம்மா?

— ஊரைக் கூட்டிச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. அத்தைகிட்ட ஒரு வெங்காயம் குடுத்திருந்தேன்.

— ஆமா, சமையலறை ஜன்னல்ல டம்ளர்ல வச்சிருந்தேன். நல்லா வெள்ளைத் தாடி மாதிரி வேர் விட்டுச்சு. நேத்து வந்து கத்தரிச்சுக்கிட்டுப் போனா. சமைக்கலாம்னு பார்த்தேன், தொடாதீங்கன்னுட்டா.

— எதுக்கு சமையலறையில?

— அதே கடை வெங்காயம், அதே குழாத் தண்ணி. இடம் மட்டும் வேற. தண்ணிதான் காரணம்னா இதுவும் கெட்டிருக்கணும். கெடலன்னா தண்ணி மேல பழி போட முடியாது. சாயம் ஏறிக்கிட்டிருக்கு. இப்ப எடுத்துப் பார்த்தாத் தெரிஞ்சிடும்.

— பார்த்து உறுதி பண்ணிடு. கெட்டிருக்கு பாரு, நிச்சயமா கெட்டிருக்கும்.

— நீங்க வேண்டிக்கிற மாதிரி பேசறீங்க மாமா. நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்.

— மெல்லப் போம்மா. படி இருக்கு.

— ...ஏன் இவளே என்னை அப்படிப் பார்க்கிற?

— ஒண்ணுமில்ல. தண்ணி கெட்டுப்போயிருக்கணும்னு ஒருத்தர் ஒத்தைக் கால்ல நிக்கிறதை இன்னைக்குத்தான் பார்க்கறேன்.

— நான் ஊர் நன்மைக்குச் சொல்றேன்.

— ஊரை விடுங்க. அவ முகத்தைப் பார்த்தீங்களா? நான் ரெண்டு பெத்தவ. பயந்துக்கிட்டே சுமக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அவ வேற படிச்சவ. நமக்கு ஒரு பயம்னா அவளுக்குப் பேரோட, படத்தோட பத்து பயம்.

— அதனாலதான் நான் மேடையில குரல் குடுக்கறேன்.

— மேடையில குடுங்க. வீட்டுல ஒரு வார்த்தை, 'பயப்படாதம்மா, கொஞ்ச நாள் வேலையை நிறுத்திட்டு மாடியில படு'ன்னு சொல்லியிருக்கீங்களா?

— வேலையை நிறுத்தினா ஆய்வகம் நின்னுடும். இந்த ஊர்லயே, ஏன், இந்த வட்டாரத்துலயே, பூச்சிமருந்து மரபணுவை என்ன பண்ணுதுன்னு செடியை வச்சுக் கண்டுபிடிக்கிற ஒரே மையம் இது.

— கார் ஷெட்டுங்க அது.

— முன்னாடி கார் ஷெட். இப்ப மையம்.

— வாசல்ல மாட்டின போர்டு, ரூமை விட அகலம். கார் தெருவுல வெயில்ல கருகுது, வெங்காயம் நிழல்ல சொகுசா இருக்கு. ஒரு ஜன்னலாவது விட்டீங்களா? இருந்ததையும் அடைச்சுட்டீங்க.

— வெளித்தூசி வந்தா முடிவு பாதிக்கும்னுதான் அடைச்சேன். துல்லியம்னா சும்மாவா? விருதுக் குழு வந்து பார்த்தப்போ என்ன சொன்னாங்க தெரியுமா? 'ஐயா, எங்க ஆஸ்பத்திரி கூட இவ்வளவு சுத்தமா இருக்காது'ன்னாங்க.

— அவங்க வந்தது சமோசா சாப்பிட. அவங்க சுத்தத்தை எங்க கண்டாங்க?

— உனக்கு என் மதிப்பு என்னைக்குமே தெரிஞ்சதில்ல. போகட்டும். அந்த நீலச் சட்டையை இஸ்திரி பண்ணிட்டியா? கேமராவுல நீலம்தான் எடுப்பா இருக்கும்.

— பண்ணி வச்சாச்சு. வர்றா பாருங்க. என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?

— பார்த்துட்டேன் அத்தை.

— என்னம்மா, கெட்டிருக்குதானே?

— இல்ல மாமா. அத்தை வச்ச வெங்காயம் சுத்தமா இருக்கு. ஒண்ணு கூட அறுந்திருக்கல, ஒண்ணு கூட ஒட்டிக்கிட்டு நிக்கல. பாடப்புஸ்தகத்துப் படம் மாதிரி ரெண்டு பக்கமும் ஒழுங்காப் பிரிஞ்சு போகுது. இவ்வளவு அழகா ஒரு வெங்காயத்தைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன்.

— அப்போ தண்ணி...

— தண்ணி நல்லா இருக்கு.

— நல்லாவா இருக்கு?

— மன்னிச்சுக்குங்க மாமா. நல்லாத்தான் இருக்கு.

— நிருபர் கேமராவோட வர்றானே.

— தண்ணி நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அதுவும் செய்திதான்.

— அதுக்கு எவன் கேமராவைத் திறப்பான்? சமையலறை வெங்காயத்துல ஏதாவது தப்பு இருக்கும். உங்க அத்தை கைராசி வேற. ஒரே வெங்காயத்தை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியுமா?

— முடியாது. அதனாலதான் மாடியிலயும் என் கட்டிலுக்குப் பக்கத்துல கொஞ்சம் வச்சிருந்தேன். அதையும் சேர்த்துத்தான் இப்பப் பார்த்துட்டு வந்தேன். அதுவும் சுத்தம்.

— அப்பாடி. குடிக்கிற தண்ணியில ஒண்ணுமில்ல. இனிமே நிம்மதியா ஒரு வாய் சாப்பிடு. போதும் இந்த இம்சை.

— இல்ல அத்தை. இப்பத்தான் எனக்கு நிஜமாவே பயமா இருக்கு.

— ஏன்டி?

— அதே வெங்காயம். அதே தண்ணி. சமையலறையில வச்சா நல்லா இருக்கு. மாடியில வச்சா நல்லா இருக்கு. அந்த ஷெட்டுக்குள்ள வச்சா மட்டும் கெட்டுப்போகுது. அப்ப ஷெட்டுக்குள்ளதான் என்னமோ இருக்கு. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு நான் உட்கார்ந்திருக்கற ஷெட்டுக்குள்ள. நான் தண்ணியைச் சந்தேகப்பட்டுக்கிட்டும் காயை உப்புத்தண்ணியில ஊறவச்சுக்கிட்டும் இருந்தேன். மூச்சை எங்க விட்டு எங்க இழுக்கறேன்னு யோசிக்கல.

— மையம்னு சொல்லும்மா.

— என்னது?

— ஷெட் ஷெட்டுன்னு சொல்ற. மையம்.

— மாமா, மையத்துக்குள்ள என்ன இருக்கு?

— என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது. நீயே பார்க்கறியே. ஒரு ஒட்டடை உண்டா? ஒரு ஈ உண்டா, எறும்பு உண்டா? விளக்குல வந்து விழற பூச்சியாவது உண்டா?

— இல்ல.

— பின்ன?

— அதுதான் மாமா. இப்ப நீங்க சொல்றப்பத்தான் உறைக்குது. சமையலறையில எறும்பு இருக்கு. மாடியில பல்லி இருக்கு. வராந்தாவுல கொசு பிடுங்கித் தள்ளுது. பக்கத்துல சாக்கடை ஓடற அந்த ஒரு ரூம்ல மட்டும் ஏன் ஒரு உசிர் கூட இல்ல?

— பராமரிப்பு.

— என்ன பராமரிப்பு? பெருக்கறதும் துடைக்கறதும் நான்தான். நான் வெறும் தண்ணியில துடைக்கிறேன்.

— சட்டை மாத்தணும். விருதுக்காரங்க கார் அனுப்பறதாச் சொல்லியிருக்காங்க. விருது வாங்கிட்டு வந்து இதை நாம விரிவா விவாதிக்கலாம்.

— ஏங்க.

— என்ன?

— நீங்க சாயங்காலத்துல உள்ள போய் அடிப்பீங்களே, அதைச் சொல்லுங்க அவகிட்ட.

— எதை?

— அதான், அந்த நீட்டு டப்பா. புஸ்ஸுபுஸ்ஸுன்னு.

— மாமா?

— இவ எதையோ எதோடயோ போட்டுக் குழப்பறா.

— நான் என்னத்தைக் குழப்பறேன்? நீ பூட்டிட்டு மாடிக்கு வந்ததும் இவர் மாத்துச் சாவி எடுத்துக்கிட்டு உள்ள போவார்மா. மூக்குல துண்டைக் கட்டிக்குவார். மேசைக்கு அடியில, அலமாரிக்குப் பின்னாடி, வெங்காயம் வரிசையா நிக்குதே, அந்தச் சந்து பொந்தெல்லாம் அடிச்சுட்டு, கதவை இறுக்கிச் சாத்திட்டு வந்து கையைக் கழுவுவார்.

— தெரிஞ்சா அத்தை நீங்க இத்தனை நாள் சொல்லாம இருந்தீங்க?

— நான் என்னம்மா கண்டேன்? பூச்சிமருந்து ஆராய்ச்சி பண்ற ரூம்ல பூச்சிமருந்து அடிக்கிறார். அதுதான் ஆராய்ச்சின்னு நினைச்சுக்கிட்டேன். உனக்கும் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு நினைச்சேன். படிச்சவங்க விஷயத்துல நான் எதுக்கு மூக்கை நுழைக்கணும்?

— தினமுமா மாமா?

— தினமும்னு பொதுப்படையாச் சொல்லிட முடியாது.

— தினமும்தான். ஊருக்குப் போற அன்னைக்கு ரெண்டு மடங்கு.

— எப்பலேர்ந்து?

— மையம் திறந்ததுலேர்ந்து.

— அப்போ நான் வர்றதுக்கு முன்னாடி, உங்க கையெழுத்துல போன ரிப்போர்ட்டெல்லாம்... 'தூய நீரின் விளைவிலிருந்து வேறுபடவில்லை'ன்னு நீங்க எழுதின அந்த ரிப்போர்ட்டெல்லாம்...

— அதையெல்லாம் இப்பக் கிளறவேண்டாம்மா. வெளியில கார் சத்தம் கேக்குது.

— நிக்கட்டும். நான் உங்ககிட்ட சண்டை போடல மாமா. அதுக்கு எனக்குத் தெம்பே இல்ல. ஒரே ஒரு கேள்வி. ஊரெல்லாம் போய் ஒரு சொட்டு மருந்து அடிக்காதேன்னு பேசறீங்க. நான் உள்ள உட்கார்ந்திருக்கேன்னு உங்களுக்குத் தெரியும். எந்த நிலைமையில உட்கார்ந்திருக்கேன்னும் தெரியும். அப்படி இருந்தும் எதுக்கு அடிச்சீங்க?

— ஒரு ஆய்வகத்தின் தூய்மை என்பது அதன் முடிவுகளின்...

— மாமா.

— ராத்திரியில அது பறந்து வரும்மா.

— எது?

— ஏங்க, அவகிட்டயாவது சொல்லுங்க.

— எனக்குக் கரப்பான்னா பயம்.